ஐப்பசி அடைமழை முதல் தைப் பனி வரை: வளைவுக் குடிலில் நாட்டுக்கோழி

கோழி வளர்ப்பில் புதிதாக இறங்குகிறவர்கள் ஒரு கணக்கைத் தவறவிடுகிறார்கள். புரட்டாசியில் பாதி ஊர் கவிச்சியைத் தொடாது. தீபாவளியை ஒட்டி ஒரு வாரம் வியாபாரம் பறக்கும். கார்த்திகை பிறந்ததும் ஐயப்பனுக்கும் முருகனுக்கும் மாலை போட்டுவிடுவார்கள். அப்புறம் பொங்கல் முடிந்து கரிநாள் வரும்வரை வாங்குகிற ஆள் குறைவு. ஆக, மதுரை வட்டாரத்தில் எந்த மாதங்களில் மழையும் பனியும் அடிக்கிறதோ, அதே மாதங்களில்தான் நம்மிடம் கோழி அதிகமாகத் தங்கும். சித்திரையில் வேப்பமரத்தில் ஏறிப் படுத்துக்கொண்ட கோழியெல்லாம் ஐப்பசியில் கூரை கேட்கும். பஞ்சாரத்தைக் கவிழ்த்து மூடிச் சமாளிக்கலாம் என்றால் பத்துக் கோழி வரைக்கும்தான் முடியும்.

பனி கொட்டும் நாடுகளில் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். காய்கறி முடிந்து சும்மா கிடக்கும் பசுமைக்குடிலுக்குள் கோழிகளை ஏற்றிவிடுவார்கள். வளைத்த பைப், மேலே பாலித்தீன், தரையில் தடியாகக் கூளம். பகல் வெயிலைப் பாலித்தீன் உள்ளே பிடித்து வைக்கும், பனி மேலே விழாது. குளிர் முடிந்ததும் கோழியை வெளியே விட்டு, அது கிளறிப் போட்ட கூளத்திலேயே செடி வைப்பார்கள். செலவு குறைவு, ஆளும் வேண்டாம், இரண்டு நாளில் நிறுத்திவிடலாம்.

அதை வீடியோவில் பார்த்து அப்படியே கொண்டுவந்து, திருமங்கலத்துக்குத் தெற்கே எங்கள் கரிசலில் நிறுத்தினேன். 200 மைக்ரான் ஷீட்டை நாலு பக்கமும் இழுத்துக் கட்டி, காற்று புகாமல் மண் அணைத்தேன். பார்க்க அழகாகத்தான் இருந்தது. கார்த்திகையில் மூன்று நாள் மூட்டம் போட்டது. விடியற்காலை உள்ளே போனால் ஷீட்டின் அடியில் முத்து முத்தாகத் தண்ணீர் கோத்து, கோழிகளின் முதுகில் சொட்டிக்கொண்டிருந்தது. கண் எரிந்தது. நாலாம் நாள் சுள்ளென்று வெயில் அடித்ததும், பத்தரை மணிக்கே கோழிகள் வாயைப் பிளந்து இறக்கையை விரித்துக்கொண்டு நின்றன. அடுத்த பத்து நாளில் சளியும் ரத்தக்கழிச்சலும். அறுபது கோழியில் பதினேழைக் குழி தோண்டிப் புதைத்தேன். அப்பத்தா வந்து பார்த்துவிட்டுச் சொன்னது இவ்வளவுதான்: “ஏப்பா, மேல நனையாம இருந்தாப் போதாதா கோழிக்கு? பச்சப்பிள்ள மாதிரி போத்தி விட்டிருக்க!”

அப்பத்தாவின் பேச்சில் கணக்கு இருக்கிறது. கோழியின் உடம்புச் சூடு 41 டிகிரிக்கு மேல். மேலே இறகுப் போர்வை. மதுரையில் மார்கழி இரவு 20 டிகிரியை ஒட்டித்தான் நிற்கும். நத்தம், சிறுமலை அடிவாரம் என்றால் கொஞ்சம் குறையும். வளர்ந்த கோழிக்கு இது குளிரே இல்லை, சுகமான வானிலை. இறகு நனைந்தால்தான் அந்தப் போர்வை போய்விடும். அடைத்த காற்றில் அமோனியா ஏறினால் மூச்சுக்குழல் புண்ணாகும். ஈரக் கூளத்தில் ரத்தக்கழிச்சல் கிருமி பெருகும். அதனால் நம் ஊருக்கு அந்த வளைவுச் சட்டத்தையும் ஆழ்கூளத்தையும் எடுத்துக்கொள்ளலாம். நாலு பக்கப் பாலித்தீனை விட்டுவிடலாம். கீழே சொல்வது அப்படி மாற்றிக் கட்டிய குடில், 50 கோழிக்கான அளவு.

ஆவணி: இடம் பார்ப்பது

நல்ல மழை ஒன்று பெய்து ஓய்ந்ததும் குடை பிடித்துக்கொண்டு நிலத்தைச் சுற்றி வாருங்கள். மறுநாளும் தண்ணீர் நிற்கிற இடத்தில் எந்தக் குடிலும் நிற்காது. மேலூர், அலங்காநல்லூர்ப் பக்கம் செம்மண்காரர்களுக்கு இதில் பாதித் தொல்லை இல்லை. திருமங்கலம், கள்ளிக்குடி, கல்லுப்பட்டி என்று கரிசல்காரர்கள் தரையை ஒரு அடி உயர்த்தியே ஆகவேண்டும். கரிசல் நனைந்தால் உப்பும், காய்ந்தால் வெடிக்கும். அந்த வெடிப்பில் எலி குடியேறும், எலிக்குப் பின்னாலேயே பாம்பு வரும். அந்த அளவுக்குச் சரளை மண் கொட்டி, நனைத்து, திமுசு போட்டு இறுக்குங்கள். சுற்றிலும் ஒரு அடி அகலத்தில் வாய்க்கால் வெட்டித் தண்ணீர் ஓட வழி விடுங்கள்.

குடிலின் நீளம் கிழக்கு மேற்காக ஓட வேண்டும். இதில் சமரசம் வேண்டாம். ஐப்பசி முதல் தை வரை சூரியன் தெற்கே சாய்ந்து போகும். மார்கழி உச்சி வெயில்கூட மதுரையில் தலைக்கு நேர் மேலே வராது, தெற்கே 33 டிகிரி சாய்ந்துதான் அடிக்கும். வாடையும் மழைச் சாரலும் வடக்கிலிருந்தும் கிழக்கிலிருந்தும் வரும். ஆக, தெற்குப் பக்கத்தைத் திறந்து வைத்தால் வெயில் உள்ளே நுழைந்து கூளத்தைக் காயவைக்கும். வடக்குப் பக்கத்தை மூடினால் சாரல் நின்றுவிடும். காசு கொடுக்காமல் கிடைக்கிற ஹீட்டரும் டிரையரும் அதுதான்.

கண்மாய்க் கரையை விட்டுத் தள்ளிப் போங்கள். மழைக்காலத்தில் நாரையும் கொக்கும் வாத்தும் எங்கிருந்தெல்லாமோ வந்து இறங்கும். பார்க்க நன்றாக இருக்கும், ஆனால் பறவைக் காய்ச்சல் அந்த வழியிலும் கோழிக்கு வரலாம். புளியமரத்தடியும் வேண்டாம். மழை விட்ட பிறகும் மூன்று மணி நேரம் சொட்டிக்கொண்டிருக்கும்.

புரட்டாசி முதல் வாரம்: சட்டம்

20 அடி ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) பைப், முக்கால் அங்குலம் அல்லது ஒரு அங்குலம், ஐந்து வாங்கிக்கொள்ளுங்கள். வெல்டிங் பட்டறையில் கொடுத்தால் வளைத்துத் தருவார்கள். 10 அடி அகலத்துக்கு வளைத்தால் நடுவில் ஆறரை அடி உயரம் கிடைக்கும், நிமிர்ந்து நடக்கலாம். இரு முனையிலும் முக்கால் அடி மிஞ்சும். அதைச் செருகுவதற்கு அதைவிடப் பெரிய பைப்பை இரண்டரை அடித் துண்டுகளாக வெட்டி, ஒன்றரை அடி ஆழம் கான்கிரீட்டில் புதைத்துவிடுங்கள். வளைவுக்கு வளைவு 4 அடி இடைவெளி விட்டால் ஐந்து வளைவில் 16 அடி நீளம் வரும். மொத்தம் 160 சதுர அடி. தலைக்கு மூன்று சதுர அடிக்குக் கொஞ்சம் மேல். மேயப் போகும் கோழி இரவு தங்க ஒன்றரை, இரண்டு சதுர அடியே போதும் என்பார்கள். அது வெயில் நாள் கணக்கு. அடைமழையில் மூன்று நாள் வெளியே விட முடியாமல் போகும்போது ஒன்றையொன்று கொத்த ஆரம்பிக்கும். அப்போது இந்தக் கூடுதல் இடத்தின் அருமை தெரியும்.

உச்சியில் ஒரு நீள பைப், இரண்டு பக்கமும் இடுப்பு உயரத்தில் ஒன்று ஒன்று, இவை வளைவுகளைக் கட்டிப்பிடிக்கும். நாலு மூலையிலும் குறுக்குச் சாய்வுக் கம்பி கொடுங்கள். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பது பழமொழியாக வேண்டுமானால் இருக்கலாம், ஐப்பசி இடிமழைக்கு முன்னால் வருகிற சுழற்காற்றில் கான்கிரீட் போடாத குடில் பக்கத்துக் காட்டுக்குப் போனதை நான் பார்த்திருக்கிறேன்.

பைப்புக்குக் காசு இல்லையென்றால் மூங்கிலைப் பிளந்து வளைக்கலாம், சவுக்குக் கம்பை ஊன்றி ஆங்கில ‘A’ வடிவத்தில் கட்டலாம். மண்ணுக்குள் போகிற பாகத்துக்குத் தார் பூசாவிட்டால் ஒரே வருஷத்தில் கரையான் தின்றுவிடும். காய்கறி நாற்றுக்குப் போட்ட நிழல்வலைக்குடில் யாரிடமாவது சும்மா நின்றால் அதை விசாரியுங்கள், சட்டச் செலவே மிச்சம்.

சுற்றிலும் வலை. கோழி வலை என்று கடையில் கேட்டால் அறுகோணக் கண் போட்ட மெல்லிய கம்பி வலையைக் கொடுப்பார்கள். அது கோழியை உள்ளே வைக்கும், நாயை வெளியே வைக்காது. கீழே மூன்று அடிக்கு அரை அங்குலக் கண் வெல்டு மெஷ் போடுங்கள். கீரி நுழையாது, பூனை கைவிட்டு இழுக்காது. மெஷ்ஷை ஒரு அடி மண்ணுக்குள் இறக்கி வெளிப்பக்கமாக மடித்துப் புதைத்தால் பெருச்சாளியும் தோண்டாது. அதற்கு மேலே சாதாரணக் கோழி வலை போதும்.

கூரையும் படுதாவும்

கூரைக்குப் பாலித்தீன் மட்டும் போடாதீர்கள். மார்கழியிலும் மதுரை மதிய வெயில் வெயில்தான். வெளியே 30 டிகிரி இருந்தால் மூடிய பாலித்தீனுக்குள் நாற்பதைத் தாண்டும். கோழிக்கு வியர்வைச் சுரப்பி கிடையாது, வாயைத் திறந்து இளைக்கத்தான் தெரியும். மேலே நல்ல கனமான தார்ப்பாய், வெள்ளியோ வெள்ளையோ வானம் பார்க்கிற மாதிரி. அதன்மேல் ஒரு வரிசை தென்னங்கீற்று வேய்ந்தால் உள்ளே சூடும் இறங்காது, விடியலில் தண்ணீரும் கோக்காது. கீற்றையும் தார்ப்பாயையும் சேர்த்து நைலான் கயிற்றால் குறுக்கும் நெடுக்குமாக இறுக்குங்கள். கூரை இரண்டு பக்கமும் தரைக்கு மூன்று அடி மேலேயே நின்றுவிட வேண்டும். கடைசி ஒரு அடி வெளிப்பக்கமாகத் தாழ்வாரம் போல நீட்டிக்கொண்டிருந்தால் சொட்டு வாய்க்காலில் விழும்.

இரு முனைச் சுவரிலும், வளைவுக்குக் கீழே உச்சியில், இரண்டு அடிக்கு வலை மட்டும் விடுங்கள். எக்காரணம் கொண்டும் அதை அடைக்காதீர்கள். சூடான ஈரக்காற்று மேலே ஏறி அந்த வழியில்தான் வெளியேறும். சாரல் அடித்தால் வெளியே ஒரு அடிக்குத் தகரத்தைச் சாய்த்து மாட்டுங்கள்.

இனி பக்கப் படுதா. புதியவர்கள் ஜன்னல் திரை மாதிரி மேலே கட்டிக் கீழே தொங்கவிடுகிறார்கள். காற்று அடித்தால் படுதா கீழே தூக்கும், வாடை நேராகக் கோழியின் நெஞ்சில் அடிக்கும். மேலே அடைத்துக் கிடக்கும், கெட்ட காற்று வெளியே போகாது. தலைகீழாகச் செய்ய வேண்டும். படுதாவின் கீழ் ஓரத்தைத் தரைமட்டத்தில் பைப்போடு கட்டிவிட்டு, மேல் ஓரத்தில் ஒரு கம்பைக் கோத்து, கயிறு கட்டி, கிணற்று ராட்டினம் மாதிரி சின்னக் கப்பியில் மேல்நோக்கி இழுங்கள். எவ்வளவு இழுத்தாலும் கூரைக்கும் படுதாவுக்கும் நடுவே அரை அடி திறந்தே இருக்கட்டும். காற்று கோழியின் தலைக்கு மேலே போய் வரும், படுத்திருக்கும் கோழிமேல் படாது. பெரிய பிராய்லர் பண்ணைகளில் படுதா இப்படித்தான் இயங்கும். ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வந்தாலே புரியும்.

வடக்குப் படுதா ஐப்பசி முதல் மார்கழி வரை பெரும்பாலும் ஏற்றியே இருக்கும். தெற்குப் படுதாவை மழை நேரத்தில் மட்டும் ஏற்றி, விட்டதும் இறக்குங்கள். வெயில் இருக்கும் நாளில் காலை ஏழு மணிக்கே இறக்கிவிட வேண்டும். இந்த ஒரு வேலைக்கு வீட்டில் ஒருவர் பொறுப்பெடுத்துக்கொண்டால் நல்லது. “நீ இறக்குவேன்னு நெனச்சேன்” என்று இரண்டு பேரும் சொல்லிக்கொண்ட நாட்களில்தான் எங்கள் வீட்டில் கோழிக்குச் சளி பிடித்தது.

கூளம்

ஒரு கோழி ஒரு நாளைக்குச் சுமார் 100 கிராம் எச்சமிடும். அதில் முக்கால் பங்கு தண்ணீர். ஐம்பது கோழி என்றால், நாமே தினமும் மூன்றரை லிட்டருக்கு மேல் தண்ணீரைத் தரையில் ஊற்றுவதற்குச் சமம். மூச்சில் வருகிற ஈரம் தனி. இதையெல்லாம் வாங்கி வைத்துக்கொண்டு மெதுவாக விடுவது கூளத்தின் வேலை.

பெரியாறு பாசனத்து ஊர்களில் அரிசி ஆலைக்குப் பஞ்சமில்லை, உமி கிடைக்கும். செங்கல் சூளைக்காரர்களும் தேடி வருவார்கள் என்பதால் புரட்டாசியிலேயே சொல்லி வையுங்கள். தென்னை நார்க்கழிவு தண்ணீரை நன்றாகக் குடிக்கும், ஆனால் ஒருமுறை முழுக்க நனைந்தால் மழைக்காலத்தில் காய்வதே இல்லை. என் கைப்பக்குவம் இரண்டு பங்கு உமி, ஒரு பங்கு நன்றாகக் காய்ந்த நார்க்கழிவு. நிலக்கடலைத் தோல் கிடைத்தால் பூஞ்சணம் பிடிக்காததாகப் பார்த்து வாங்குங்கள். முதலில் தரையில் நீற்றுச் சுண்ணாம்பைத் தூவி, ஒரு நாள் விட்டு, மூன்று அங்குலம் கூளம் போடுங்கள். 160 சதுர அடிக்கு உமி மட்டும் போட்டால் 100 கிலோவுக்குக் கொஞ்சம் மேல் பிடிக்கும். மழை தொடங்கியதும் பத்து நாளைக்கு ஒருமுறை மேலே ஒரு கூடை இரண்டு கூடை தூவிக்கொண்டே வந்தால் மார்கழியில் ஆறு அங்குலம் ஆகிவிடும். அடியில் கிடப்பது மெல்ல மக்கி லேசான சூடும் கொடுக்கும்.

வாரம் இரண்டு முறை மண்வெட்டியோ களைக்கொட்டோ வைத்துக் கிளறுங்கள். அதைவிட லேசான வழி, சாயங்காலம் இரண்டு பிடி கம்போ நொய்யோ கூளத்தின் மேலே வீசிவிடுவது. கோழியே கிளறிக் கொடுத்துவிடும்.

கூளம் சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஒரு கைப்பிடி அள்ளி இறுக்குங்கள். கையைத் திறந்ததும் உதிர்ந்து விழுந்தால் நல்லது. லட்டு மாதிரி உருண்டு நின்றால் ஈரம் அதிகம். துளிகூட ஒட்டாமல் தூசியாகப் பறந்தால் அதுவும் நல்லதில்லை, கோழி தும்மும். ஈரமான இடத்தை அப்படியே மண்வெட்டியால் வெட்டி வெளியே எடுத்துவிட்டு, தரையில் சுண்ணாம்பு தூவிப் புதுக்கூளம் போடுங்கள். ஈரக் கூளத்தின் மேலேயே சுண்ணாம்பைக் கொட்டிக் கிளறுகிறவர்கள் இருக்கிறார்கள். அப்போது அமோனியா குபீரென்று கிளம்பும், கோழி உள்ளே இருக்கும்போது செய்யவே கூடாது.

பெரும்பாலும் ஈரம் கூரையிலிருந்து வருவதில்லை, தண்ணீர்ப் பாத்திரத்தைச் சுற்றித்தான் வரும். பாத்திரத்தைச் செங்கல் மேல் கோழியின் முதுகு உயரத்துக்கு ஏற்றி வையுங்கள். அடியில் ஒரு தட்டில் மணல் போட்டுவிட்டால் சிந்தினால் அதில் போகும்.

விடியற்காலை ஐந்து மணிக்கு உள்ளே போய், நின்றபடி இல்லாமல் கோழியின் உயரத்துக்குக் குத்தவைத்து உட்கார்ந்து இரண்டு மூச்சு இழுத்துப் பாருங்கள். அமோனியா 25 பிபிஎம் (காற்றில் பத்து லட்சத்துக்கு 25 பங்கு) அளவுக்கு வந்தால் கோழியின் கண்ணும் மூச்சும் கெட ஆரம்பிக்கும், நம் மூக்கும் ஏறக்குறைய அந்த அளவிலேயே பிடித்துவிடும். மூக்கு சுருங்கினால் படுதாவை அப்போதே ஒரு அடி இறக்குங்கள், குளிர் வந்தாலும் பரவாயில்லை. தினமும் உள்ளேயே புழங்குகிறவர் மூக்கு பழகிப்போய்விடும். அதனால் வீட்டுக்கு வந்த விருந்தாளியை ஒருமுறை உள்ளே அனுப்பிப் பார்ப்பதும் உண்டு, மரியாதை குறைவுதான்.

உட்காரக் கம்பு, முட்டைப் பெட்டி, புழுதி

ஒரு கோழிக்கு 8 அங்குலம் கம்பு வேண்டும். ஐம்பதுக்கு 33 அடி, அதாவது 12 அடிக் கம்பு மூன்று. மணிக்கட்டுக் கனம் இருக்கட்டும், தரையிலிருந்து இரண்டு அடி. மூன்றும் ஒரே உயரம். ஏணி மாதிரி வைத்தால் உச்சிக் கம்புக்கு விடிய விடியச் சண்டை. பெருவிடை என்கிற கனத்த நாட்டு இனச் சேவல்கள் உயரத்திலிருந்து குதித்தால் பாதத்தில் ஆணி விழும், அதனால்தான் இந்தத் தாழ்வு. முட்டைக்கு ஐந்து பெட்டைக்கு ஒரு பெட்டி, ஒரு அடிச் சதுரம், இருட்டான மூலையில்.

ஒரு மூலையில் பழைய லாரி டயரைப் போட்டு அதில் காய்ந்த மணலும் அடுப்புச் சாம்பலும் நிரப்புங்கள். மழைக்காலத்தில் வெளியே காய்ந்த புழுதி ஏது? புழுதி குளிக்காத கோழிக்குச் செள்ளுப்பூச்சி பிடிக்கும். நொச்சி அல்லது வேப்பிலையைக் காயவைத்துப் பொடித்துச் சேர்த்தால் இன்னும் நல்லது.

தடுப்பூசியை மழைக்கு முன்பே

வெள்ளைக்கழிச்சல் என்கிற ராணிக்கெட் வந்துவிட்டால் மருந்து இல்லை. குஞ்சுக்கு முதல் வாரத்தில் கண்ணில் சொட்டு, நாலாம் வாரம் மறுபடி சொட்டு, எட்டாம் வாரம் இறக்கையில் ஊசி. புரட்டாசி முடிவதற்குள் எல்லாக் கோழியும் இதைத் தாண்டியிருக்க வேண்டும். மருந்தை ஐஸ் வைத்த பிளாஸ்கில்தான் கொண்டுவர வேண்டும், சட்டைப் பையில் போட்டு பைக்கில் வந்தால் வெறும் தண்ணீருக்குச் சமம். அரசு கால்நடை மருந்தகத்தில் கேளுங்கள். மாசி வாக்கில் ஊர் ஊராக வந்து போடும் முகாமுக்குக் காத்திருந்தால் மழைக்காலம் போய்விடும். கூடவே குடற்புழு மருந்தும் கொடுத்துவிடுங்கள். புதிதாகச் சந்தையில் வாங்கிய கோழியை நேராகக் குடிலில் விடாதீர்கள், இரண்டு வாரம் தனிப் பஞ்சாரம்.

ஐப்பசி, கார்த்திகை, மார்கழி: அன்றாடம்

தீபாவளி இரவுதான் முதல் சோதனை. வெடிச் சத்தத்தில் மிரண்டு எல்லாக் கோழியும் ஒரு மூலையில் போய்க் குவியும். அடியில் சிக்கியவை மூச்சு முட்டிச் செத்துப்போகும். அன்று மட்டும் மங்கலான விளக்கு ஒன்றை விடிய விடிய எரியவிடுங்கள், மூலைகளில் உமி மூட்டையைச் சாய்த்து முக்கோணத்தை நிரப்பிவிடுங்கள், நீங்களும் பக்கத்தில் கட்டில் போட்டுப் படுத்துக்கொள்ளுங்கள். கீற்றுக் கூரை என்பதால் ஒரு பேரல் தண்ணீரும் நனைத்த சாக்கும் தயாராக இருக்கட்டும். கார்த்திகைத் தீபத்தன்று சொக்கப்பனைப் பொறி பறக்கும் தூரத்திலிருந்தால் அன்றும் அப்படியே.

மழைக்காலத்தில் தீவனத்தை மூட்டை மூட்டையாக வாங்கி அடுக்காதீர்கள். நனைந்த மக்காச்சோளத்திலும் கடலைப் பிண்ணாக்கிலும் பிடிக்கிற பூஞ்சண நஞ்சு கோழியின் ஈரலைக் கெடுக்கும். பதினைந்து நாளுக்கு வாங்குங்கள், பலகை மேல், சுவரை ஒட்டாமல். கட்டியாக உருண்டிருந்தாலோ மக்கல் வாடை அடித்தாலோ மாட்டுக்கும் போடாதீர்கள், குழியில் கொட்டுங்கள். வெளியே மேய்ச்சல் குறைவதால் வளர்ந்த கோழிக்கு நாளைக்கு 100 கிராம் வரை கொடுக்க வேண்டிவரும். கோழித் தீவனத்துக்காகப் பானையில் கரையான் பிடிப்பவர்களுக்கு இந்த மூன்று மாதமும் விடுமுறை, ஈரத்தில் சரியாக ஏறாது. அதற்குப் பதில் கீரைத்தண்டும் முருங்கைக்கீரையும் கட்டித் தொங்கவிடுங்கள். கொத்திக்கொண்டிருந்தால் ஒன்றையொன்று கொத்தாது.

சளி பிடித்த கோழியை முதல் தும்மலிலேயே பிரித்துவிடுங்கள். சின்ன வெங்காயம், துளசி, கற்பூரவல்லி அரைத்து உருட்டிக் கொடுப்பது எங்கள் ஊர் வழக்கம், நானும் கொடுக்கிறேன். ஆனால் முகம் வீங்கினாலோ, பச்சையாகவோ ரத்தமாகவோ கழிந்தாலோ வைத்தியத்தை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். செத்ததை ஓடையில் வீசாமல் ஆழக் குழி வெட்டிச் சுண்ணாம்பு போட்டு மூடுங்கள்.

மார்கழியில் முட்டை குறைந்துவிட்டது என்று பதற வேண்டாம். முட்டைக்கு 14 மணி நேர வெளிச்சம் வேண்டும், மார்கழிப் பகல் இங்கே பதினொன்றரை மணி நேரம்தான். இறகு உதிர்க்கும் பருவமும் சேர்ந்துகொள்ளும். வியாபார முட்டைக் கோழிக்கு விளக்குப் போடுவார்கள். நாட்டுக்கோழி எப்படியும் பதினைந்து முட்டையிட்டதும் அடைக்கு உட்கார்ந்துவிடும், அதற்கு மின்கட்டணம் கட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை. பனி குடித்த புல்லில் கோழியை விடாமல், வெயில் ஏறி எட்டு மணிக்கு மேல் திறந்துவிடுங்கள்.

குஞ்சுகளுக்கு மட்டும் வேறு விதி

மேலே குளிரைப் பற்றி அலட்சியமாகப் பேசியதெல்லாம் வளர்ந்த கோழிக்கு. குஞ்சுக்கு இறகு கிடையாது. முதல் வாரம் 35 டிகிரி வேண்டும், வாரத்துக்கு மூன்று டிகிரி குறைத்துக்கொண்டே வரலாம். ஐந்தாவது வாரம் விளக்கு தேவைப்படாது. தாய்க்கோழி இருந்தால் இந்தக் கவலை இல்லை, பத்துப் பன்னிரண்டு குஞ்சை அதுவே இறக்கைக்குள் வைத்துக்கொள்ளும். குடிலின் ஒரு மூலையில் பஞ்சாரத்துக்குள் தாயையும் குஞ்சுகளையும் வைத்து, பஞ்சாரத்தின் வடக்குப் பாதியில் சாக்கைப் போர்த்திவிடுங்கள்.

மெஷினில் பொரித்த குஞ்சு வாங்கியிருந்தால் ஒன்றரை அடி உயரத் தகரத்தை வட்டமாக வளைத்து நிறுத்தி, உமிமேல் காகிதம் விரித்து, 50 குஞ்சுக்கு 60 வாட் குண்டு பல்பு இரண்டு. எல்இடி பல்பு வெளிச்சம்தான் தரும், சூடு தராது. போன வருஷம் ஒரு தம்பி எல்இடி போட்டுவிட்டு, “விளக்கு எரியுதுண்ணே, ஆனா குஞ்சு குமிஞ்சு குமிஞ்சு சாகுது” என்று போன் செய்தார். பல்பின் கீழே குவிந்து கத்தினால் குளிர், ஓரத்துக்கு ஓடினால் சூடு அதிகம், பரவலாகப் படுத்திருந்தால் சரி. பார்த்துப் பல்பை ஏற்றி இறக்குங்கள்.

சட்டம் இரும்பு, தரை ஈரம், நடுவே மின்சார ஒயர். ஒயர் பைப்பைத் தொடாமல் கட்டி, இஎல்சிபி (மின்கசிவு வந்தால் தானே இணைப்பைத் துண்டிக்கும் கருவி) போட்டே இணைப்புக் கொடுங்கள். பல்பு தார்ப்பாய்க்கும் கூளத்துக்கும் ஒன்றரை அடிக்கு மேல் தள்ளியே தொங்கட்டும், கயிற்றில் கட்டாமல் சங்கிலியில் மாட்டுங்கள். கரண்ட் போனால் சட்டியில் கரி போட்டு வைக்கும் வழக்கம் உண்டு. படுதாவை முழுக்க ஏற்றிவிட்டுக் கரி மூட்டினால் அந்தப் புகையிலேயே குஞ்சும் போகும், பக்கத்தில் படுத்திருப்பவரும் போகக்கூடும். சுடுதண்ணீர் நிரப்பிய பாட்டிலில் துணி சுற்றி நடுவே வைப்பது எவ்வளவோ மேல்.

தைக்குப் பிறகு

கரிநாளை ஒட்டி பாதிக் கோழி விற்றுப்போகும். மீதியை மரத்தடிக்கு மாற்றிவிட்டுப் படுதாவையும் கீற்றையும் கழற்றுங்கள். கூளத்தை அள்ளிக் குவித்து, லேசாகத் தண்ணீர் தெளித்து மூடி வைத்தால் மூன்று மாதத்தில் நல்ல உரம். பச்சையாகப் போட்டால் வேர் கருகும். மல்லிகைத் தோட்டம் வைத்திருப்பவர்கள் மக்கியது இருந்தால் கேட்டு வாங்கிக்கொண்டு போவார்கள். மாசியில் அதே சட்டத்தின்மேல் பச்சை நிழல்வலையை இழுத்துவிட்டால் மிளகாய், கத்தரி நாற்று விடலாம், கீரை போடலாம். தரையில் ஒட்டிக் கிடக்கும் கூளமே முதல் கீரைக்குப் போதும், ஆனால் ஒரு மாதம் ஆறவிட்டு விதையுங்கள்.

தார்ப்பாயை மடிப்பதற்கு முன் கழுவி இரண்டு பக்கமும் வெயிலில் காட்டுங்கள். ஓட்டை இருக்கும் இடத்தில் சுண்ணாம்பால் வட்டம் போட்டு அன்றைக்கே ஒட்டிவிடுங்கள். சுருட்டித் தரையில் வைக்காமல் உத்திரத்தில் கயிறு போட்டுத் தொங்கவிடுங்கள். எங்கள் வீட்டில் நெல் மூட்டைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு ஆவணியில் பிரித்தபோது எலி அதில் குடும்பமே நடத்தியிருந்தது.